டீயோடு வந்த மாத்திரை

வடக்கனந்தல் ஆதிமூலம் லித்தியம் மாத்திரை போட ஆரம்பித்துப் பதினாறு வருடம். அதற்கு முன்பு, மனசு தலைகால் தெரியாமல் பறந்த ஒரு வாரத்தில் நாற்பது வாத்து வாங்கி வந்தவர். வீட்டுப் பக்கம் குளமே கிடையாது. அடுத்த மாதம் எழ மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவரும் அவரே. மாத்திரைதான் இரண்டு ஆளையும் ஒரே ஆளாக்கியது.

அந்த மாசியில் மரவள்ளி பிடுங்கும்போது கை நடுங்கியது. டீயில் பாதி வேட்டிக்குப் போனது. நான்காம் நாள் வரப்பில் தள்ளாடினார்.

மனைவி ராணியம்மாள் கிட்டே வந்தாள். "வாய ஊதுங்க."

ஊதினார்.

"பல்பொடி வாசனதான் வருது. அப்புறம் இன்னாத்துக்கு ஆடிக்கினு வரீங்க?"

"வரப்புதான்டி ஆடுது."

சென்னையிலிருந்து மகள் எழில்மதி போனில் கேட்டாள். "லித்தியம் தவிர வேற இன்னா மாத்திர போட்ட?"

"ஒண்ணுமில்லம்மா. சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை. கிழங்குக் காட்டில் டீயோடு ஆளுக்கொரு வலி மாத்திரை வரும். கல்வராயன் மலையிலிருந்து ஆள் கூட்டி வரும் சாலம்மாள் சுருக்குப்பையிலிருந்து பிய்த்துக் கொடுப்பாள். வெற்றிலை மாதிரி அதுவும் ஒரு மரியாதை. அதைப் போய் யாராவது மருந்தில் சேர்ப்பார்களா? இந்த வருடம் ஆள் பற்றாமல் அவரும் இறங்கிப் பிடுங்கினார். மாத்திரைக்கும் கை நீட்டினார்.

மறுநாள் காலை வாந்தி. சாலம்மாள் பார்க்க வந்தாள். "இப்டி நடுங்குதே. இந்தாங்கண்ணா, இன்னிக்கி ரெண்டா போடுங்க."

ராணியம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். "இன்னிக்கி ரெண்டுன்னா, நேத்து எத்தினி?"

கள்ளக்குறிச்சியில் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுக்குள் இருக்க வேண்டிய லித்தியம் 2.1. இந்த வகை வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் லித்தியத்தைச் சரியாக வெளியேற்றாது, வெயிலில் தண்ணீர் குடிக்காதது மிச்சத்தைச் செய்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்கும்.

"அப்போ வரப்பு ஆடலன்றீங்க" என்றார் ஆதிமூலம்.

ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. அளவு இறங்கிய பிறகே லித்தியத்தை மறுபடி ஆரம்பித்தார்கள்.

அடுத்த மாசி. டீ நேரத்தில் அவரும் கை நீட்டினார். சாலம்மாள் ஒரு கடலை மிட்டாயை வைத்தாள்.

"உங்களுக்கு இதாண்ணா."

"உசுரு பொழச்சவனுக்கு ஒண்ணுதானா? ரெண்டு குடு."

"ஆளுக்கு ஒண்ணுதான்."

ஆறு அறுவடை இப்படிப் போனது. ஏழாவதற்கு முன் மாரடைப்பு. அதற்கு லித்தியம் காரணமில்லை.

காரியத்தன்று சாலம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். படையல் இலையின் ஓரத்தில் கடலை மிட்டாய் வைத்தாள். இரண்டு.