அக்கா ஊற்றித் தந்த செம்பருத்தித் தேநீர்

எங்கள் அக்கா அவர்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார். என்னை வளர்த்தவர் அவர். அவரைக் கட்டிய மச்சானும் சீக்கிரமே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. மலை சரியும், இங்கே இருக்கக் கூடாது, இறங்குங்கள், வீடு கட்ட வேறு காணி தருவோம் என்றார்கள் அரசாங்க ஆட்கள். எல்லோரும் பாய், சட்டி பானை தூக்கினார்கள். அக்கா வாசலில் நின்ற செம்பருத்தியில் ஒரு கிளையையும் ஒடித்துக்கொண்டார்.

"என்னக்கா, இந்த நேரத்துல பூச்செடியா?" என்றேன்.

"காணிய வெறும் தரையாத்தான்டா குடுப்பாங்க. நட ஒண்ணு வேணும்ல" என்றார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீட்டுப் பின் அறை வாடகைக்குக் கிடைத்தது. அக்கா சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குப் போனார். வீட்டுக்காரம்மா முதல் நாளே, "மரம் நட வேணாம் புள்ள. வேர் ஓடினா செவரு வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டார். அக்கா கிளையை ஒரு பெரிய எண்ணெய்த் தகரத்தில் ஊன்றிப் பின்வாசல் மண்தரையில் வைத்தார். "இதுக்குத் தனியா வாடகை கேட்டுராதீங்கம்மா" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

அக்காவுக்குப் பிரஷர் இருந்தது. செம்பருத்திப் பூத்தேநீர் போடத் தொடங்கியது அதற்காகத்தான். காலையில் பூவைப் பறித்து, எறும்பு போக உதறுவார். காம்பையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் கழுவுவார். தண்ணீர் கொதித்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் இதழைப் போட்டு மூடி வைப்பார். தண்ணீர் கருநீலமாகும். வடித்துத் தேசிக்காய் பிழிந்தால் சிவந்துவிடும். கருப்பட்டி ஒரு துண்டு கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உடம்புச் சூடு தணியும், நீர்க்கடுப்பு வராது, பிரஷருக்கும் நல்லது என்பார். கிளினிக்கில் டாக்டர், "குடிங்க, ஆனா பிரஷர் குளிசைய விடக் கூடாது" என்றார்.

அக்கா குளிசையை விடவில்லை. விட்டது தேநீரைத்தான். தகரத்துச் செடி ஒரு கோப்பைக்குத்தான் பூக்கும். யாராவது வந்தால் அந்தக் கோப்பை அவர்களுக்கு. அக்கா பாலில்லாத வெறும் பிளேன்டி குடிப்பார். வந்தது அநேகமாக நான்தான். இல்லாவிட்டால் வீட்டுக்காரம்மா.

வருடங்கள் போயின. காணி வரவில்லை. வீட்டுக்காரம்மாவே ஒரு நாள் மனம் இளகிச் சொன்னார்.

"எத்தன காலம் தகரத்துல வெச்சி ஈக்கிற? செவரு கெடக்கட்டும், நட்டுடு புள்ள."

"வேணாம்மா. காணி வந்தா எடுத்துட்டுப் போகணும். தோண்டினா செத்துரும்."

"ஒன்ட காணி வார நேரம் நான் மவுத்தாப் பெய்த்திருவன்."

"நீங்க போனா நான் யாருக்குத் தேத்தண்ணி ஊத்துறது? இருங்கம்மா" என்றார் அக்கா.

போனது அக்கா.

அன்று காலையும் இதழ் கழுவி வைத்திருந்தார். தண்ணீரை இறக்கி வைத்திருந்தார். வீட்டுக்காரம்மா வந்து பார்த்தபோது கதிரையில் சாய்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காணி பற்றி இன்றுவரை ஒரு பேச்சும் இல்லை.

முப்பத்தோராம் நாள் கழிந்து அறையைக் காலி செய்யப் போனேன். செடியை என் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்துத் தகரத்தைத் தூக்கினேன். அசையவில்லை. அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. வேர் எப்போதோ தரைக்குள் இறங்கியிருந்தது.

வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். "இது எப்பவோ நட்டாச்சு தம்பி. அவவுக்குத்தான் தெரியல்ல" என்றார்.

தகரத்தை வெட்டி எடுத்தோம். செடி அங்கேயே நிற்கிறது. இப்போது நிறையப் பூக்கிறது. அக்கா இருந்திருந்தால் வந்தவருக்கும் கொடுத்துத் தானும் ஒரு கோப்பை குடித்திருப்பார்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோத் தம்பிக்கும், கடையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், மழையிலும் தோட்டத்திலிருந்து வந்து நின்ற சனங்களுக்கும், வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி. திவசத்துக்கு வருகிறவர்களுக்குப் பூத்தேநீர் தருவோம். கிளை வேண்டுமென்றால் கேளுங்கள், வீட்டுக்காரம்மா வெட்டித் தருவார்.

காணி வரட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். இருக்கிற இடத்தில் நடுங்கள்.

– தம்பி