ஜாசின் பஸ்ஸில் குடியாத்தத்துக் கைலி

காலை ஏழு மணிக்கு மலாக்காவில் ஜாசின் பஸ் ஏறினேன். ஏறக்குறைய இருபது மைல். மடியில் தகரப் பெட்டி. அதற்குள் எங்கள் குடியாத்தத் தறிகளில் நெய்து தைத்த கைலிகள். போன தடவை அனுப்பிய சரக்கு பாதி விற்காமல் கிடக்கிறது என்று ஜாசின் கடைக்காரர் மாணிக்கம் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறை அவர் ஆர்டர் தராவிட்டால் எங்கள் தறிகள் ஆவணியோடு நின்றுவிடும். துணியில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொல்லித்தான் அப்பா என்னைக் கப்பல் ஏற்றினார். நானும் நம்பினேன்.

வழியில் பெம்பானில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. எமர்ஜென்சிக் காலம், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று எல்லா மூட்டையையும் பிரிக்கிறார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் என் பெட்டியைத் திறந்தார். துணியைத் தடவியதும் ஆசை வந்துவிட்டது போலும், கால்சட்டைக்கு மேலேயே ஒரு கைலியைக் கட்டிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, மடித்துத் தந்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அரிசி தேடுகிறவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்?

ஒன்பது மணிக்கு ஜாசின். மாணிக்கம் அண்ணன் காப்பி வரவழைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“இங்க வர்ற மலாய்க்காரங்க எல்லாரும் அதத்தான் செய்றாங்க தம்பி. ரப்பர் தோட்டத்துல நம்ம ஆளுங்க எப்படி வேணும்னாலும் கட்டிக்குவாங்க. இவங்களுக்குக் கைலியில மேலேருந்து கீழ வர்ற அந்தக் கருப்புப் பட்டை பின்னால நடுவுல நிக்கணும் லா. நீங்க தையல ஒட்டி துணி ஓரத்துல போட்டுட்டீங்க. பட்டைய பின்னால கொண்டு போனா தையலும் கூடவே போய் நிக்குது.”

“முந்தானை ஓரத்துலதானண்ணே வரும்?”

“இது சேலையா?”

எங்கள் தெருவில் கைலி நெய்கிறவர்கள் எல்லோரும் முன்பு சேலை நெய்தவர்கள். அவர்கள் கட்டுவது வெள்ளை வேட்டி. நெய்த கைலியை ஒருவரும் கட்டிப் பார்த்ததில்லை.

“ஜப்பான் மில் துணி வந்துருச்சு. தொட்டா காகிதம் மாதிரி இருக்கு, ஆனா பட்டை நடுவுல இருக்கு. ஹரிராயாப் பெருநாளுக்குள்ள நீங்களும் நடுவுல போட்டு அனுப்புங்க, எடுத்துக்கிறேன். பிந்துனா முடியாது.”

கடையிலேயே வேட்டியை அவிழ்த்துவிட்டு ஒரு கைலியைக் கட்டிக்கொண்டேன். மலாக்கா திரும்பும் இரண்டு மணி பஸ் பெம்பானில் நின்றபோது அதே போலீஸ்காரர் என்னைத் திருப்பி நிறுத்தி, தையலைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

மெட்ராஸ் துறைமுகத்திலும் இதே கைலியோடுதான் இறங்கப் போகிறேன். பட்டையை நடுவில் போடச் சொல்லித் தந்தி அடித்தால், மலாயா வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்பார் அப்பா. பின்னால் நிற்கும் தையல் அவர் கண்ணில் படும்படி, அவருக்கு எதிரே வாயைத் திறக்காமல் திரும்பி நிற்க வேண்டும். அப்பாவுக்கு முதுகு காட்டி நின்று எனக்குப் பழக்கமில்லை. தறி ஓட வேண்டுமானால் இந்த ஒரு தடவை நின்றுதான் ஆக வேண்டும்.