ஒன்றும் உடையாத அக்டோபர்

என் அக்காள் சந்திரமதியின் கணவர் மருதப்பன், அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டவர். மகள் வைஷாலிக்கு இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னார். வைஷாலி பிழைத்து, பள்ளிக்கூடம் போய், அப்பனை எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். மச்சான்தான் இறங்கவில்லை. காரணம் பக்திக் குறைவு அல்ல, பைத்தான்.

பாம்பைச் சொல்லவில்லை, கணினி மொழியைச் சொல்கிறேன். அதன் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வரும். தீமிதியும் அந்தச் சமயத்தில்தான் வரும். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும், மச்சானும் நானும் வேலை பார்க்கும் அலுவலகம், மீனும் இறாலும் வைக்கும் குளிரறைகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்கிறது. திரையில் தெரிவதெல்லாம் பைத்தான். சென்சரிடமிருந்து அளவை வாங்கி வருவது மட்டும், மச்சான் சி மொழியில் எழுதி, கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்குக் கம்பைல் செய்து கொடுத்த ஒரு சின்ன மாட்யூல். பைத்தான் மாறினால் அது படுத்துவிடும். வாடிக்கையாளர்களோ புதியது வந்த வாரமே ஏற்றிக்கொள்வார்கள். இந்த ஊரில் பழையதை வைத்திருப்பது அவமானம். பிறகு எங்களைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அந்தத் தொலைபேசியை எடுக்கிற பாக்கியவான் நான்.

அது ஏன் படுக்கிறது என்று தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடும்போது ஒருநாள் மச்சானிடம் கேட்டேன்.

“கவுண்டர்ல நின்னு கேக்காம, நேரா அடுப்படிக்குள்ள பூந்து சட்டியில கைய விட்டு எடுக்குது லா என் மாட்யூல். வேகமாத்தான் இருக்கும். ஆனா வருஷா வருஷம் பைத்தான்காரங்க சட்டிய மாத்தி வைக்கிறாங்க. கறி இருந்த எடத்துல கொதிக்கிற எண்ணெய் இருக்கு.”

“அப்போ கவுண்டர்லயே கேக்க வேண்டியதுதானே மச்சான்?”

“கேக்கலாம் மாப்ள. கவுண்டர்ல தர்றத மாத்த மாட்டோம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு தடவ கம்பைல் பண்ணா அடுத்த வெர்ஷன்லயும் அப்படியே ஓடும். ஆனா நான் எழுதின புரோகிராம முழுசா மாத்தி எழுதணும், ரெண்டு மாசம் ஆகும். ரமணன் விடணுமே.”

ரமணன் எங்கள் முதலாளி. திரையில் தெரியாத வேலை வேலையே அல்ல என்பது அவருடைய வேதாந்தம். மச்சான் போய்க் கேட்டபோது நானும் இருந்தேன்.

“மாத்தி எழுதினா கஸ்டமருக்குப் புதுசா என்ன தெரியும்?”

“ஒன்னும் தெரியாது சார். ஒன்னும் உடையாது, அவ்வளவுதான்.”

“ஒன்னும் தெரியாததுக்கு ரெண்டு மாசமா?”

அவரிடம் சொந்த வைத்தியம் ஒன்று இருந்தது. போன அக்டோபரில் மச்சான் விரதமிருந்து லீவும் வாங்கியிருந்தார். வழக்கம்போல் புதிய பதிப்பு மாட்யூலை ஏற்க மறுத்தது. கோப்பின் பெயரிலேயே பழைய பதிப்பின் எண் இருப்பதைக் கண்ட ரமணன், அதை அழித்துப் புதிய எண்ணைத் தட்டி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட்டு, “முடிஞ்சிடுச்சு லா” என்றார். அப்படியானால் நானும் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டு கத்தியைத் தூக்க வேண்டியதுதான். மென்பொருள் திறந்தது, இரண்டு அளவு காட்டியது, பொத்தென்று விழுந்தது. லீவு ரத்து. தீமிதி ஞாயிறன்று மச்சான் மாடியில் உட்கார்ந்து கம்பைல் செய்தார். பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் புறப்பட்ட தீமிதி ஊர்வலம் சிராங்கூன் ரோட்டில் போகும் மேளச் சத்தம் உள்ளே கேட்டது. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு ரமணனை ஜன்னல் வழியாகவே ஊர்வலத்துக்கு அனுப்பிவிடலாம் போலிருந்தது.

அதன்பிறகு மச்சான் யாரிடமும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சனி ஞாயிறுகளிலும் உட்கார்ந்து, அடுப்படிக்குள் பூந்த இடங்களையெல்லாம் கவுண்டருக்கு மாற்றினார். கணினியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் அக்காள், தானே சூடாகத் தே கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் வழக்கமான சிறு திருத்தங்களோடு அதையும் சேர்த்து அனுப்பிவிட்டார். திரையில் ஒன்றும் மாறாததால் ரமணனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்த அக்டோபரில் புதிய பதிப்பு வந்தது. என் தொலைபேசி அடிக்கவில்லை. செத்துப்போய்விட்டதோ என்று என் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகவே அடித்தது.

மச்சான் பூக்குழி இறங்கினார். நெருப்பைக் கடந்து, பால்குழியில் கால் நனைத்து வெளியே வந்தவர், வைஷாலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து முதலில் கேட்டது, “ஆபீஸ்லேர்ந்து யாராச்சும் கூப்பிட்டாங்களா மாப்ள?”

“யாருமே கூப்பிடல மச்சான்.”

அப்போதுதான் அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் ரமணன் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இந்த வருஷம் எதுவுமே உடையல, பாத்தீங்களா?”

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமா சார், அது வந்து, நான்தான்…”

“தெரியும் லா, நீங்க தீ மிதிச்சீங்க. அம்மன் காப்பாத்திட்டா. அடுத்த அக்டோபரும் வெர்ஷன் வருது. கம்பெனிக்காக நீங்களே மிதிச்சிருங்க. லீவு நான் தர்றேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைப் போட்டு உடைத்துவிட வாயைத் திறந்தேன். தீயை மிதித்த அதே காலால் மச்சான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

“சரி சார்” என்றார்.