மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல

அண்ணனூர் ரயில் நிலையத்துக்கு அடுத்த மூன்றாவது தெருவில் சாமுண்டீஸ்வரியின் மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்துப் புதுக் கம்பி சுற்றித் தருவது வேலை. கடை திறந்த நாள் 2016 ஜூன் 9. அதற்கு முன் பதினோரு ஆண்டு நான்கு மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் காயில் சுற்றினார். அங்கே டைம் ஆபீஸில் நான் இருந்தேன். அவருடைய வருகை அட்டையில் விழுந்த தாமதக் குறிகள் மொத்தம் மூன்று. தொழிற்சாலையை ஒரகடத்துக்கு மாற்றியபோது அவரையும் வரச் சொன்னார்கள்.

"அம்மாந்தூரம் போய்க்கினு வந்துக்கினு இருக்கிற நேரத்துல நானே நாலு மோட்டரு சுத்திருவேன் சார்" என்றார். சொன்னபடி செய்தார்.

இப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. கடையில் இன்னும் இரண்டு பேர். வெளியே போய் மோட்டார் கழற்றி மாட்டுபவர் அழகேசன். கம்பி சுற்றுபவள் புஷ்பா. ஓய்வுக்குப் பிறகு காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை போன் எடுப்பதும் சீட்டு எழுதுவதும் என் பொறுப்பு.

சீட்டு என்பது கடைக்கு வரும் ஒவ்வொரு மோட்டாரிலும் கட்டும் அட்டை. அதில் சாமுண்டீஸ்வரிக்கு ஒரே கண்டிப்பு. "அவங்க இன்னா சொல்றாங்களோ அத அப்டியே எழுதுங்க. நாம நெனைக்கிறத எழுத வோணாம்." கோளாறு இன்னதென்று வாசலிலேயே எழுதிவிட்டால் பிரிப்பவன் அதை மட்டும்தான் தேடுவான் என்பது அவர் கணக்கு. வேலை முடிந்ததும் சீட்டைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவோம். ஒன்றையும் எறிந்ததில்லை.

2023 டிசம்பரில் எஸ்டேட்டிலிருந்து வேலை அனுப்பிக்கொண்டிருந்த கடைசிப் பட்டறையும் நின்றது. இனி அடுக்குமாடி வீடுகளின் தண்ணீர் மோட்டார்தான் வழி. அங்கே இருப்பவர்கள் போனில் தேடித்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்த வேலை வராவிட்டால் மார்ச்சுக்கு மேல் புஷ்பாவுக்குச் சுற்ற மோட்டார் இருக்காது. இதைச் சாமுண்டீஸ்வரி அவளிடம் மறைக்கவில்லை.

ஆவடியில் இணையதளம் செய்து தரும் ராகேஷிடம் போனார். கடையின் இணையப் பக்கத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்க, இவர் கடைப் பலகையைப் படம் பிடித்துக் கொடுத்தார். அதில்தான் தவறு. எஸ்டேட் வழக்கப்படி எழுதிய பலகை அது. தேடி வந்தவரிடம் 'இது செய்வதில்லை' என்று ஒரு முறை சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார் என்பது அங்கே பட்டறை வைத்திருக்கும் எல்லோருடைய நம்பிக்கை. அதனால் செய்ததும், செய்யக்கூடியதும், செய்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததும் பலகையில் ஏறிவிடும். ராகேஷ் இருபத்து மூன்று சேவைகளைப் பலகையிலிருந்து எடுத்து, தானாக நான்கு சேர்த்தார். மஞ்சள் தொப்பி போட்ட யாரோ வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படத்தை மேலே வைத்தார்.

2024 ஜனவரி 18 அன்று பக்கம் வந்தது. பிப்ரவரி 20 வரை முப்பத்து நான்கு நாளில் தொண்ணூற்று ஆறு அழைப்புகள். மிக்ஸி, கிரைண்டர் 31. ஃபேன் 22. ஏசி 14. கேமரா 8. தண்ணீர் மோட்டார் 21.

அந்த இருபத்தொன்றில் கடைசி, பட்டாபிராமில் நூற்று நாற்பத்து நான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பின் செயலாளர் லாவண்யாவுடையது. காலை 9.40க்குக் கூப்பிட்டார். அழகேசன் அப்போது திருமுல்லைவாயலில் ஒரு கிரைண்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். பட்டாபிராம் போய்ச் சேர்ந்தபோது மணி 1.55. வேறு ஆள் வந்து முடித்துவிட்டார்.

சாமுண்டீஸ்வரி மன்னிப்புக் கேட்கப் போன் செய்தார். ஸ்பீக்கரில் லாவண்யாவின் குரல் நிதானமாக வந்தது. "பரவாயில்லங்க. ஆனா உங்க பக்கத்துல இருபத்தேழு வேலை இருக்கு. வீட்ல தண்ணி வரலைன்னா அதுல எதை அழுத்தணும்னு எனக்குப் புரியல. மார்ச் பத்தாம் தேதி கமிட்டி கூடுது, ஆறு மோட்டாருக்கும் வருஷ கான்ட்ராக்ட் குடுக்கப் போறோம். நீங்களும் வரலாம். வர்றவங்க பக்கத்தை எல்லாரும் பார்ப்பாங்க."

போனை வைத்தவர் சுவரைப் பார்த்தார். பிறகு கம்பியோடு சீட்டுகளை இறக்கித் தரையில் கொட்டினார். நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பிரிக்க இரண்டு நாள் ஆனது. மொத்தம் 1,412. 'மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல' என்று சொன்னவர்கள் 486. 'உர்ர்னு சத்தம் வருது, சுத்தல' 377. 'சுவிட்சு போட்டா ட்ரிப் ஆவுது' 241. 'எரிஞ்ச வாசன வருது' 198. மீதி எல்லாம் சேர்ந்து 110.

"எட்டு வருசமா நாம செஞ்சது இந்த நாலுதான்" என்றார் சாமுண்டீஸ்வரி. "பக்கத்துல இந்த நாலுதான் இருக்கணும். அவங்க சொன்ன மாதிரியே."

ராகேஷ் கடைக்கே வந்தார். "மேடம், 'பம்ப் பராமரிப்புத் தீர்வுகள்'னு போட்டாதான் கெத்தா இருக்கும்."

"மொட்ட மாடி டேங்க் காலியான பொம்பள தீர்வா தேடும்? தண்ணி ஏறலன்னுதான் சொல்லும். அத போடு."

கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மிக்ஸி, ஃபேன், ஏசி நாங்கள் பார்ப்பதில்லை; மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் ஜெகதீஷ் கடை, எண் இது. அழகேசனுக்குத் தாங்கவில்லை.

"இன்னாக்கா இது, வர்ற வேலைய வோணான்றதும் இல்லாம அட்ரஸ் வேற குடுத்து அனுப்புறியா? ஜெகதீசு உனக்கு மாமனா மச்சானா?"

"நீ கிரைண்டர் முன்னாடி குந்திக்கினு இருந்ததாலதான்டா பட்டாபிராம் பூட்ச்சு."

புஷ்பா சிரித்தாள். அழகேசன் எழுந்து டீ குடிக்கப் போனார்.

புதுப் பக்கத்தில் முதலில் போன் எண். அடுத்து நான்கு வாக்கியங்கள், நான்கு பொத்தான்கள். ஒவ்வொன்றையும் தொட்டால் மூன்று விஷயங்கள் வரும்: கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியது, நாங்கள் வந்து செய்வது, ஆகும் நேரம். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனால் மாற்று மோட்டார் மாட்டிவிட்டுப் போவோம் என்பது தடித்த எழுத்தில். வெள்ளைக்காரர்கள் இருந்த இடத்தில், காயில் சுற்றும் புஷ்பாவும் ஸ்பேனருடன் முறைக்கும் அழகேசனும். மார்ச் 1 அன்று இது வெளியானது.

மார்ச் 8, வெள்ளி, காலை 9.06. லாவண்யா. "சார், மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." 9.10க்கு அழகேசன் வண்டியை எடுத்தார். 9.24க்கு மறுபடி லாவண்யா.

"ஆள் வேண்டாம் சார். 'முதலில் சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள்'னு உங்க பக்கத்துல போட்டிருக்கு. வாட்ச்மேனைப் பார்க்கச் சொன்னேன். தண்ணி லாரி வரலையாம், கீழ சம்ப்ல சொட்டுத் தண்ணி இல்ல."

அழகேசனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆவடி தாண்டி நின்றிருந்தார். "பாத்தியா சார், நம்ம பக்கமே நம்ம பொழப்புல மண்ணு போடுது. திரும்பிரட்டா?"

சாமுண்டீஸ்வரி என் கையிலிருந்து போனை வாங்கினார். "திரும்பாத. தண்ணி இல்லாம ஓடியிருக்கு, தண்ணி கசியாம புடிக்கிற சீலு சூடாயிருக்கும். தொட்டுப் பாத்துட்டு, நல்லா கீதுன்னா நல்லா கீதுன்னு சொல்லிட்டு வா. காசு கேக்காத."

சீல் நன்றாக இருந்தது. அழகேசன் அப்படியே சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமுண்டீஸ்வரி கமிட்டிக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். போன் 12.18க்கு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"மூணு பேர் பக்கத்தையும் டிவில போட்டுப் பார்த்தோம்" என்றார் லாவண்யா. "மத்த ரெண்டுலயும் எல்லாம் செய்வோம்னு இருக்கு. உங்களுதைப் படிச்சிட்டு ஒரு பெரியவர், இது நம்ம வாட்ச்மேன் பேசற மாதிரியே இருக்கேன்னார். அப்புறம் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம்னு சொன்ன பிறகும் வந்து பார்த்துட்டு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போற ஆளை நாங்க இன்னும் பார்த்ததில்ல. ஏப்ரல் ஒண்ணுலேருந்து ஆறு மோட்டாரும் உங்க பொறுப்பு."

சாமுண்டீஸ்வரி நன்றி சொல்லிப் போனை வைத்தார். அழகேசன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "போட்டோல கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்."

புஷ்பா காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, ஏப்ரல் பன்னெண்டு, பதிமூணு எனக்கு ரெண்டு நாள் லீவு வோணும்" என்றாள்.

"ஒரு நாள்" என்றார் சாமுண்டீஸ்வரி.

ஏப்ரல் 12 என்று குறித்துக்கொண்டேன்.