நாலாவது தோள்

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒரு திருநங்கை, கொழும்பில் இறந்து பெட்டியில் வந்தார். உடலோடு வந்த ஒல்லியான பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். திருநங்கைகளுக்காக ஓடியாடி வேலை செய்கிற பிள்ளை என்றார்கள்.

யாரிடம் பேசினாலும் அவர் முதலில் ஒன்று கேட்பார். குழி வெட்டிவிட்டு வந்து லயத்து வீடுகளின் ஓரமாக நின்ற என்னிடமும் கேட்டார்.

"உங்கள எப்புடிங்க கூப்பிடணும்?"

"அண்ணேன்னு கூப்பிடுங்க."

"பெட்டி தூக்க எங்ககூட வந்த மூணு பேருதான் அண்ணே இருக்காங்க. எறந்தவங்களோட கூடப்பொறந்த அண்ணன் கதவ சாத்திக்கிட்டாரு. நீங்க வர்றீங்களா?"

வாசலில் நின்ற ஒருவன், "போப்பா, நாளைக்கு ஒனக்கும் சேல கட்டி விடுவாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்குத் தோள் வலிங்க" என்றேன். வலி எதுவும் இல்லை.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாலாவது மூலையைத் தோளில் தூக்கினார். நான் மண்வெட்டியோடு பின்னால் நடந்தேன். குழியை மூடினேன்.

பஸ் ஏறப் போகும்போது என்னிடம் வந்து, "தோளுக்கு மறக்காம தைலம் போடுங்க அண்ணே" என்றார்.

என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.