பெரியப்பாவின் நாவலில் இருந்த பிழை

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள் அந்த வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடும்போது கையில் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். மேலே சிவமயம், கீழே குத்துவிளக்கு, நடுவில் செத்தவரின் படம். உள்ளே தேவாரம், திருவாசகம், பிறகு அவருடைய வாழ்க்கை வரலாறு. ஆயுள் முழுக்க ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்காத மனிதரும் அதில் ‘இன்முகத்தோடு பழகியவர்’ ஆகிவிடுவார். அதற்குக் கல்வெட்டு என்று பெயர்.

எங்கள் பெரியப்பாவின் கல்வெட்டு மட்டும் ஒரு துப்பறியும் நாவலாக இருந்தது.

நாட்டில் நடந்த சண்டை முடிந்து சில வருடங்கள் போயிருந்த காலம் அது. நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்தை இன்னும் முடிக்கவில்லை. அச்சகத்துக்காரர் பழக்க தோசத்தில் அந்த நாவலுக்கும் சிவமயமும் குத்துவிளக்கும் போட்டுவிட்டார். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பந்தி முடிந்ததும் சித்தப்பா வழக்கம்போலத் தொண்டையைச் செருமி, முதற்பக்கத்தை விரித்து, பண்ணோடு தொடங்கினார். “அந்தச் சிறு பட்டினத்தில் அன்று மத்தியானம் ஒரு இளைஞன் காணாமற்போனான்” என்று இழுத்துப் பாடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

“உதென்ன அக்கா, செத்த வீட்டிலை கொலைக்கதை குடுக்கிறியள்?” என்று சித்தப்பா கத்தினார்.

“அவர் எழுதினது அதுதானே. தேவாரம் அவர் எழுதேல்லை” என்றாள் பெரியம்மா. பிறகு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

பெரியப்பா தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் எழுதுகிற ஆள் இல்லை. அவரை எழுத வைத்தது அண்ணா போனதுதான். அண்ணா அவர்களுக்கு ஒரே பிள்ளை. சண்டைக் காலத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பாண் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் போனவன் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு வான் நின்றதைக் கண்டோம் என்று முதல்நாள் சொன்னவர்கள் மறுநாள் ஒன்றையும் காணவில்லை என்றார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் அண்ணாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இராணுவ முகாம், கந்தோர், கோயில், சாத்திரி என்று ஓரிடம் விடாமல் அலைந்தார்கள். ஓரிடத்திலும் பதில் இல்லை என்று ஆனபிறகு பெரியப்பா பின் விறாந்தையில் மேசையைப் போட்டு எழுதத் தொடங்கினார்.

பெரியம்மா எழுதவில்லை. அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். வாசல் படலையைச் சாத்துவதை விட்டுவிட்டாள். பகலும் இரவும் அது ஆவென்று திறந்தே கிடக்கும். “பிள்ளை வந்து வாசலிலை தட்டிக்கொண்டு நிக்கக் கூடாது” என்பாள். பிள்ளை வரவில்லை, ஊரில் உள்ள ஆடெல்லாம் வந்தன. பள்ளிக்கூடம் விட்டு நான் பெரியம்மா வீட்டில்தான் நிற்பேன். அங்கே நான் நட்ட செவ்வந்திக் கன்றுகளை அந்த ஆடுகள் ஒவ்வொரு முறையும் மொட்டை அடித்துவிடும். உண்மையைச் சொன்னால், அந்த வயதில் அண்ணாவைவிட என்னுடைய செவ்வந்தி எனக்குப் பெரிய கவலை. அண்ணாவின் முகம் எனக்குப் படத்தில் பார்த்த முகம்தான்.

நாவலின் கதை இதுதான். பெயர் இல்லாத சிறு பட்டினம். அங்கே ஒரு தனியார் துப்பறிவாளன். மூக்குக் கண்ணாடி, குடை, ஒரு பழைய சைக்கிள். காணாமற்போன மகனைத் தேடித்தரச் சொல்லி ஒரு தாய் அவனிடம் வருகிறாள். இளைஞன் தன் சைக்கிளைப் புதர்ப் பற்றைக்குள் எறிந்துவிட்டு ஒரு வானில் ஏறிப் போனான் என்பது மட்டும் தெரிகிறது. துப்பறிவாளன் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவு தட்டப்படுவதோடு முடியும். கடைசியில் அவன் இளைஞனை உயிரோடு கண்டுபிடித்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து தாயிடம் விடுகிறான். தாய் சோறு போடுகிறாள்.

‘கல்வெட்டிலை கொலைக்கதை’ என்று முகத்தைச் சுளித்தவர்கள் எல்லாரும் அன்றிரவே அதை வாசித்து முடித்துவிட்டார்கள். அடுத்த கிழமையே அபிப்பிராயம் சொல்ல வரத் தொடங்கினார்கள். பெரியம்மாவும் விறாந்தையில் கதிரை போட்டு, ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, ஆற அமரக் கேட்டாள். தேத்தண்ணித் தட்டம் தூக்குவது என் வேலை.

“துப்பறிவாளன் போற வீடெல்லாம் தேத்தண்ணி குடிக்கிறான். புத்தகத்திலை பாதி தேத்தண்ணி” என்றார் எங்கள் வகுப்பு ரீச்சர், பெரியம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே. முன்வீட்டு அக்காவுக்குக் கதையில் காதல் இல்லாத குறை. குடையோடு சைக்கிள் ஓட்டுகிறவன் எப்படிக் குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பான் என்று அவள் தம்பி கேட்டான். சித்தப்பா, திட்டினாலும், முடிவு வாசித்தபோது அழுததாக ஒத்துக்கொண்டார்.

என் அம்மாவின் அபிப்பிராயம் வேறு. “எங்கடை ஊரிலை தனியார் துப்பறிவாளனுக்கு என்ன வேலை? வேலிப் பொட்டுக்குள்ளாலை பாக்கிறவை போதாதோ?” என்று சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்று வேலிக்கு வெளியே நின்று சொல்லும் ஊர், பட்டப்பகலில் ஒரு பெடியனும் ஒரு சைக்கிளும் போன வழியை மட்டும் காணவில்லை என்றது.

எல்லாரும் சொல்லி முடித்தபிறகு பெரியம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். “அது கிடக்கட்டும். கதையிலை எந்த இடம் பிழை?”

பிழை சொல்லச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கரும்பு தின்ற மாதிரி. அந்த அத்தியாயம் நீளம், இந்த இடத்தில் ஒற்று விட்டுப்போயிற்று என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரியம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு அனுப்பிவைப்பாள். இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் சேர்க்கிறாள் என்று நான் நினைத்தேன்.

வராதவர் ஒருவர்தான். சங்கக்கடை மாமா.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தவர். பெரியப்பாவைத் தன் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி நினைத்தவர். சீனிக்குத் தட்டுப்பாடு வந்த நாட்களில் எங்களுக்கென்று ஒரு கடதாசிச் சரை ஒளித்து வைத்துத் தருவார். வாசிகசாலையில் பேப்பரைக் கையில் எடுத்தால் சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழைக்கு வட்டம் போடாமல் கீழே வைக்கமாட்டார். புத்தகம் என்று ஒன்று வந்தால் முதல் ஆளாகப் பிழை பிடிப்பவர், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. என்னை ஒழுங்கையில் கண்டாலே சைக்கிளைத் திருப்பினார். ஒருநாள் வாசிகசாலை வாசலில் வைத்து மறித்துக்கொண்டேன்.

“மாமா, பெரியம்மா உங்கடை அபிப்பிராயம் கேட்டவ.”

“வாறன் எண்டு சொல்லு பிள்ளை” என்றார். உடனே வரவில்லை. நான் பிறகும் போய்க் கேட்டேன். பெரியம்மா திரும்பத் திரும்ப என்னை அனுப்பினாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தார். நான் விறாந்தை மூலையில் பாயைப் போட்டுக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு மறுபடியும் பாயில் குந்தினேன். ஒருவரும் என்னை எழும்பிப் போகச் சொல்லவில்லை.

“மொழிநடை நல்லம் அக்கா. எழுத்துப்பிழையும் குறைவு. முடிவுதான் கொஞ்சம்…”

“முடிவை விடும் தம்பி” என்றாள் பெரியம்மா. “எந்த இடம் பிழை? நீர்தானே பிழை பிடிக்கிற ஆள்.”

மாமா புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அந்தப் பக்க ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்ததை நான் எட்டிப் பார்த்தேன்.

“இந்தச் சைக்கிள். பத்தைக்குள்ளை எறிஞ்சுபோட்டுப் போனவனாம். எங்கடை பெடியன் அப்பிடிச் செய்யிறவனே? நாளுக்கு ரெண்டு தரம் துடைச்சு வைச்சிருந்த சைக்கிள்.” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மதகடியிலை ஸ்ராண்டைத் தட்டி நிப்பாட்டி, பூட்டி, திறப்பைச் சேர்ட் பொக்கற்றுக்குள்ளை வைச்சவன். அடையாள அட்டை பாத்திட்டு உடனை விட்டிடுவம் எண்டு சொன்னதை நம்பித்தானே ஏறினவன்…”

புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

பெரியம்மா கத்துவாள் என்று நான் பயந்தேன். அவள் மெல்லத்தான் கேட்டாள். “பாண் வாங்கிட்டானோ?”

“ஓம் அக்கா. கரியரிலை இருந்தது.”

“சைக்கிள்?”

“பிறகு அதையும் ஏத்தினவங்கள்.”

“நீர் எங்கை நிண்டனீர்?”

மாமா முகத்தை இரண்டு கையாலும் பொத்தினார். “வானுக்குள்ளை. என்ரை மூத்தவனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு என்னை ஏத்தினவங்கள். சாக்காலை முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைச்சு. ஆரையாவது காட்டு, உன்ரை பிள்ளையை விடுறம் எண்டவங்கள். நான் ஒண்டும் கதைக்கேல்லை அக்கா. பிள்ளையாராணை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அவனைக் கண்டதும் தலையை மட்டுந்தான் ஆட்டினனான்.”

“பிறகு?”

“அடுத்த நாள் விடிய என்னை இறக்கிவிட்டவங்கள். அப்ப அவன் எனக்குப் பக்கத்திலைதான் கிடந்தவன்.”

“மூச்சு இருந்ததோ?”

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“தலையை ஆட்டாதையும்” என்றாள் பெரியம்மா. அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “வாயாலை சொல்லும்.”

“இல்லை” என்றார் மாமா. பிறகு கதிரையில் இருந்து சரிந்து நிலத்தில் விழுந்து அழுதார். ஒரு பெரிய மனிதர் அப்படி அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன், எனக்கும் அழுகை வந்தது. பெரியம்மா அழவில்லை. அவரைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. அவர் குடிக்காமல் விட்ட தேத்தண்ணியை எடுத்து மாமரத்தடியில் ஊற்றினாள். அவர் எழும்பிப் போகும்வரை மரத்தடியிலேயே நின்றாள்.

அதன்பிறகு மாமா வாசிகசாலைப் பக்கம் வந்ததில்லை. பேப்பரில் பிழைகள் வட்டமில்லாமல் கிடந்தன. அவருடைய மூத்த மகன் இப்போது கனடாவில் பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறான். பெரியம்மா எவரிடமும் எதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டதற்கு, “அவனும் பிள்ளைக்காகத்தானே” என்றாள்.

அந்த நாவல் கல்வெட்டாக அச்சானது எதற்கு என்று எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. ஊர் முழுக்க ஒன்றையும் காணவில்லை என்று சாதித்தால், பிழையுள்ள ஒரு கதையை ஊர் முழுக்க வாசிக்கக் கொடுத்துவிட்டு, எது சரி என்று தெரிந்தவனின் வாய்க்காகக் காத்திருப்பதைவிடப் பெரியம்மா வேறென்ன செய்வாள்? அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. வகுப்பில் ரீச்சர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நாங்களும்தான் தலையாட்டுகிறோம், தலையாட்டியதற்கு ஒரு மனிதர் இப்படி அழுவாரா என்று யோசித்துக்கொண்டு பாயில் இருந்தேன்.

அன்று பொழுதுபட முன்னம் பெரியம்மா உள்ளே போய் சாமிப் படத்தடியில் விளக்கு ஏற்றினாள். அண்ணாவின் படத்தை மேசையில் இருந்து எடுத்து, பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் கொழுவினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“பிள்ளை, போய்ப் படலையைச் சாத்திப்போட்டு வா.”

நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். வருடக்கணக்காகத் திறந்தே கிடந்த படலை, கீழ்ப்பக்கம் மண்ணில் புதைந்து, புல்லும் முளைத்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்து, தோளால் முண்டி, ஒருவாறு சாத்திக் கொளுக்கியையும் மாட்டினேன். இனி ஆடு வராது, என் செவ்வந்தி இந்த முறை பூக்கும் என்று எனக்கு அவ்வளவு சந்தோசம்.