செவ்வாய்க்கிழமை ரத்தம்

ரத்தத்தோடு சிறிது சிட்ரேட் கரைசலைக் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைத்தால் சிவப்பணுக்கள் கீழே இறங்கிவிடும். மேலே மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். எவ்வளவு இறங்கியது என்பதை மில்லிமீட்டரில் படிப்பார்கள்; அதற்கு ஈ.எஸ்.ஆர். என்று பெயர். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் இறக்கம் வேகமாக இருக்கும். எங்கே என்று மட்டும் குழாய் சொல்லாது. அதைத் தேடுவது மனிதனின் பொறுப்பு. என் தம்பியின் விஷயத்தில் குழாய் தன் பொறுப்பை நிறைவேற்றியது.

ஆந்திர மாநிலம் பிரிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்ற வழக்கு முடியவில்லை. தம்பி நில அளவைத் துறையில் இருந்தான். சத்தியவேட்டுப் பக்கம் எல்லைக் கிராமங்களை அளந்துவிட்டுத் திரும்புகையில் ஜீப் ஓர் ஓடையில் கவிழ்ந்தது. வலது தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. விலா எலும்புகளிலும் முறிவு இருந்தது. அவனைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் அதே ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளனாக இருந்தேன்.

அறுவை மருத்துவர் கைதேர்ந்தவர். புண்ணைக் கழுவி, எலும்பைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டுப் போட்டார். அந்த வேலையில் இன்றும் நான் குறை காணவில்லை.

முதல் வாரம் தம்பி தெளிவாகவே இருந்தான். கைக்குழந்தையோடு அவன் மனைவி கட்டிலருகே உட்கார்ந்திருப்பாள்.

“ண்ணா, எல்லைக் கமிஷன்காரங்க வந்தாங்கன்னா, என் இடுப்புக்கு மேல ஆந்திரா, கீழ மெட்ராசுன்னு சொல்லிடு. வலியெல்லாம் மெட்ராஸ்காரன் பாத்துக்கட்டும்.”

“இந்த வாயை எந்த ஸ்டேட்டுக்காரனும் வாங்கிக்க மாட்டான்” என்றாள் அவள். “பேசிக்கினே கீற. இட்லியத் துன்னு மொதல்ல.”

பிறகு மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கியது. மாவுக்கட்டுக்குள்ளிருந்து நாற்றம் எழுந்தது. அறுவை மருத்துவரிடம் சொன்னேன். திறந்த புண்ணின் மேல் மாவுக்கட்டுப் போட்டால் நாறத்தான் செய்யும், போரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படித்தான் ஆறியது என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் கற்பித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

ரத்தத்தைச் சோதிக்கலாமே என்று கேட்டேன்.

“லெக்சரர் சார், எலும்பு உடைஞ்சாலே ஈ.எஸ்.ஆர். ஏறும். அதைப் பாத்து நான் என்ன பண்ண?”

“ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியாதுதான். தொடர்ந்து பார்த்தால் தெரியும். முறிவுக்காக ஏறியது நாளடைவில் இறங்கவேண்டும். இறங்கிய பிறகு மறுபடி ஏறினால் உள்ளே வேறெதுவோ இருக்கிறது என்றுதானே பொருள்?”

அவர் சிரித்தார். பிறகு, என்னை அனுப்பிவைப்பதற்காகவோ என்னவோ, சம்மதித்தார்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஈ.எஸ்.ஆர். பார்ப்பது செவ்வாய்க்கிழமை மட்டும். ஆய்வகத்துக்கென்று இருந்த மருத்துவர், உத்தியோகஸ்தர்களிடம் எந்த மாநிலம் வேண்டும் என்று கேட்டபோது, சென்னை மாநிலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சித்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோன நெஞ்சுநோய் மருத்துவரிடம் ஆய்வகத்தையும் ஒப்படைத்திருந்தார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை ரத்தம் என்றால் காசநோய்க்காரர்களின் ரத்தம். இருமிக்கொண்டே ஜன்னலோரம் வரிசையில் நிற்பார்கள். குழாய்களை அவர்தான் படிப்பார். முடிவையும் அவர்தான் சொல்லுவார்.

முதல் செவ்வாயன்று தம்பியின் அளவு உயர்ந்திருந்தது. முறிவுக்கு அது இயல்பு. அடுத்த செவ்வாயன்று குறைந்தது. நான் அன்று வகுப்பில் வழக்கத்துக்கு மாறாக நகைச்சுவையாகப் பேசியதாக மாணவர்கள் சொன்னார்கள். மூன்றாம் செவ்வாயன்று முதல் அளவையும் தாண்டி ஏறியிருந்தது.

எதற்காகக் கேட்டேனோ அந்தச் செய்தி கிடைத்துவிட்டது. அன்று மாலை மாவுக்கட்டை வெட்டித் திறப்பார்கள் என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். தம்பியைக் காசநோய்க்காரர்களின் வராந்தாவுக்கு மாற்றியிருந்தார்கள்.

நெஞ்சுநோய் மருத்துவர் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் ஜுரம், இருமல், உடம்பு எளச்சிருக்கு, ஈ.எஸ்.ஆர். இவ்வளவு. இன்னும் என்ன வேணும் மாஸ்டாரு?”

“விலா எலும்பு உடைந்தவன் இருமத்தான் செய்வான். தொடையைப் பாருங்கள்.”

“தொடை நம்ம டிபார்ட்மெண்ட் இல்லண்டி” என்றார் தன் தெலுங்குத் தமிழில்.

“வெள்ளணுக்களை எண்ணினீர்களா? சீழ் இருந்தால் அவை ஏறியிருக்கும்.”

“செஸ்ட் கேசுக்கு அதெல்லாம் எண்ற வழக்கம் இல்ல. சர்ஜன் எழுதிக் குடுத்தா எண்ணலாம்.”

அறுவை மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். ஆனா கேஸ் இப்ப அவரோடது. அவர் கேஸ்ல நான் கை வெச்சா மரியாதையா இருக்காது. செவ்வாய்க்கிழமை வருவாரில்ல, பேசறேன்.”

மரியாதை. அந்தச் சொல்லை அதற்கு முன்பும் பின்பும் பலர் பல இடங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதனின் தொடைக்குள் சீழ் பெருகிக்கொண்டிருக்கையில் இரண்டு படித்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட மரியாதைக்கு ஈடான அவமரியாதையை நான் இதுவரை கண்டதில்லை. அறியாமை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரிடம் எண் இருந்தது, மற்றவரிடம் கத்தி இருந்தது. நடுவே ஒரு வராந்தாதான்.

அந்த வாரம் தம்பிக்குக் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார்கள். சளியில் கிருமி தெரியவில்லை. இன்னொரு முறை பார்க்கலாம் என்றார்கள். மாவுக்கட்டை யாரும் தொடவில்லை. குழந்தையை அருகே விடக்கூடாதென்று நர்ஸ் சொன்னதால் தம்பி மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் படிக்குக் கீழே நின்றாள்.

“மாமா, காலுதான் ஒடஞ்சுது. நெஞ்சுக்கு இன்னா வந்துச்சு?” என்று என்னைக் கேட்டாள்.

“நெஞ்சுக்கு ஒன்றுமில்லை அம்மா.”

“அப்ப இவங்ககிட்டச் சொல்லு மாமா. நீ இங்கிலீசுல சொன்னா கேப்பாங்க.”

ஆங்கிலத்தில்தான் சொல்லியிருந்தேன்.

அடுத்த செவ்வாய் வருவதற்குள் தம்பிக்கு நடுக்கம் கண்டது. உதடுகள் நீலமாயின. அப்போது அறுவை மருத்துவர் ஓடிவந்தார். மரியாதை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. மாவுக்கட்டைப் பிளந்ததும் வந்த சீழுக்கு ஒரு பேசின் போதவில்லை. தம்பி கண் திறந்து என்னைப் பார்த்தான்.

“இப்ப லேசா கீது ண்ணா” என்றான்.

மறுநாள் காலை இறந்தான்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வராந்தாவில் இறந்ததால் அவன் காசநோயால் இறந்தவனானான். பாயையும் துணிகளையும் எரிக்கச் சொன்னார்கள். அவன் மனைவி தன் தாய்வீட்டுக்குப் போனபோது அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். குழந்தை தும்மினால் அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நான் வீடு வீடாகப் போய் விளக்கினேன். படித்தவன் குடும்ப மானத்துக்காக மூடிமறைக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். எல்லை வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. இந்தப் பேச்சு தீரவில்லை.

சில மாதங்களுக்கு முன் தம்பி மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து கட்டுப் போட்டார்கள். காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். ஈ.எஸ்.ஆர். எல்லாம் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், இப்போது அழற்சியை அதைவிட விரைவாகக் காட்டும் சி.ஆர்.பி. பார்க்கிறோம் என்று ஓர் இளம் பெண் மருத்துவர் எனக்கு விளக்கினார். ஒரு நாள் அது இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. அவர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் கட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே சுத்தமாக இருந்தது. சிறுநீரில் கிருமி என்று கண்டு மருந்து கொடுத்தார். எங்கே என்று தேடினார், அவ்வளவுதான். அவ்வளவுதான் நாங்கள் அன்று கேட்டதும்.

வேறு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகையில் அவர், “குடும்பத்துல யாருக்காவது டிபி இருந்துச்சா?” என்றார்.

அன்று படிக்குக் கீழே தாயின் இடுப்பிலிருந்த குழந்தை, இப்போது நரைத்த தலையோடு, “ஆமா டாக்டர். எங்க நைனாவுக்கு. அதுலதான் போனாரு” என்றான்.

“இல்லை” என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

“வுடு பெரியநைனா. இப்ப இன்னாத்துக்கு?”

தொடை எலும்பு முறிவு, மாவுக்கட்டுக்குள் சீழ், அது ரத்தத்தில் கலந்து மரணம் என்று மருத்துவரிடம் வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து முந்தைய சொல்லை அடித்தார். கட்டிலில் படுத்திருந்தவள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோடா” என்று மகனிடம் சொன்னாள். “உங்க நைனாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல.”

அவளும் இப்போது இல்லை. வயதும் இதயமும்தான் காரணம் என்றார்கள். அதில் எனக்கு ஐயமில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்.